நெடியை வெளியே அனுப்புங்கள்

வெள்ளவத்தையில் காலி வீதியின் சேலைக் கடைகளுக்கும் நகைக் கடைகளுக்கும் இடையே, ஒடுங்கிய மாடிப்படி ஏறிப் போகும் அழகுக்கலை நிலையங்கள் நிறைய உண்டு. குறுக்கு ஒழுங்கைகளில் தொடர்மாடிக் குடியிருப்புகளின் கீழ்த்தளங்களிலும் பல இயங்குகின்றன. கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதிப் பக்கம் போனாலும் இதே நிலைதான். ஆடி முடிந்து ஆவணி பிறந்தால் இங்கே மூச்சுவிட நேரமிருக்காது. லண்டனிலிருந்தும் டொரண்டோவிலிருந்தும் கல்யாணத்துக்கு வந்திறங்கும் குடும்பங்கள் தாய், மகள், மைத்துனி, மணப்பெண்ணின் தோழி என்று கூட்டமாகவே வரும். ஒரே மண்டபத்தில் ஒருவருக்குப் புருவம் திருத்துவார்கள். இன்னொருவருக்கு முடி நிறமேறிக்கொண்டிருக்கும். கண்ணாடிக்கு முன்னால் மணப்பெண்ணுக்கு ஒப்பனை ஒத்திகை நடக்கும். மூலையில் ஒரு சிறிய மேசையில் அக்ரிலிக் நகம் வைப்பார்கள்.

மண்டபம் முழுவதையும் நிறைக்கும் நெடி அந்த மூலையிலிருந்துதான் வருகிறது.

வாசலில் கால் வைத்ததுமே மூக்கைச் சுளிக்கும் வாடிக்கையாளர் ஒரு மணி நேரத்தில் எழுந்து போய்விடுவார். காலை பத்து மணிக்கு அந்த மேசையில் உட்காரும் பெண்ணோ இரவு எட்டு மணிவரை அதே காற்றில்தான் இருக்கிறார். அவருடைய மூக்கு அதற்குப் பழகிவிடுகிறது. பழகுவது மூக்கு மட்டுமே. கண்ணும் தொண்டையும் தோலும் நுரையீரலும் அதைத் தொடர்ந்து வாங்கிக்கொண்டுதான் இருக்கின்றன. பொது மண்டபத்தில் நக வேலையின் நெடியைக் குறைப்பதைப் பெரும்பாலான கடைகள் வாடிக்கையாளரின் சௌகரியப் பிரச்சினையாகவே பார்க்கின்றன. அதனால்தான் ஊதுபத்தியும் வாசனைத் தெளிப்பானும் கைக்கு வருகின்றன. இது முதலில் வேலை செய்பவரின் காற்றுப் பிரச்சினை. அப்படிப் பார்த்தால்தான் சரியான தீர்வு கண்ணில் படும்.

அந்த நெடி எங்கிருந்து வருகிறது? அக்ரிலிக் நகத்துக்கு இரண்டு பொருட்கள் வேண்டும்: கடைகளில் 'லிக்விட்' என்று அழைக்கப்படும் திரவம், 'பவுடர்' என்று அழைக்கப்படும் தூள். நல்ல தயாரிப்புகளில் திரவத்தின் பெரும்பகுதி எதில் மெதக்ரிலேட். தூரிகையைத் திரவத்தில் தோய்த்துத் தூளில் தொட்டதும் ஒரு சிறு மணி உருவாகிறது. அதை நகத்தில் வைத்துப் பரப்பினால் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோர்த்துச் சில நிமிடங்களில் இறுகிவிடும். இறுகுவதற்கு முன் ஆவியாகிப் போகும் திரவமே நெடியாக வருகிறது. நகத்திலிருந்து போவது அதில் ஒரு பங்குதான். திறந்தபடி கிடக்கும் கிண்ணம், தூரிகையைத் துடைத்த ஈரக் கடதாசி, மூடியில்லாத குப்பைக் கூடை ஆகியவற்றிலிருந்தும் ஆவி நாள் முழுவதும் எழும்பிக்கொண்டே இருக்கிறது.

இந்தத் தொழில் பல் வைத்தியத்திலிருந்து பிறந்தது. பிரெட் ஸ்லாக் என்ற அமெரிக்கப் பல் வைத்தியர் 1954இல் தன்னுடைய உடைந்த நகத்தைப் பல்லுக்குப் பயன்படும் அக்ரிலிக்கால் சரிசெய்ததிலிருந்து செயற்கை நகத்தின் கதை தொடங்குவதாகச் சொல்வார்கள். ஆரம்பகாலத் தயாரிப்புகளில் மெதில் மெதக்ரிலேட் இருந்தது. பல் தட்டு செய்யவும், மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சையில் எலும்பு 'சீமெந்து' ஆகவும் பயன்படும் அதே பொருள். நகம் சிதைந்தது, விரல் தோல் வெந்தது என்று முறைப்பாடுகள் குவிந்ததால், 1970களின் நடுப்பகுதியில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் நீதிமன்றம் வரை சென்று, முழுக்க இந்தத் திரவத்தாலான நகத் தயாரிப்புகளைச் சந்தையிலிருந்து அகற்ற வைத்தது. பின்னர் பல அமெரிக்க மாநிலங்கள் சலூன்களில் அதைத் தடைசெய்தன. மலிவான பொருள் என்பதால் பெயர்ச்சீட்டு இல்லாத போத்தல்களில் அது உலகெங்கும் இன்னமும் நடமாடுகிறது. அதை அறிய வழிகள் உண்டு. அந்த நகம் அளவுக்கு மீறிக் கடினமாக இருக்கும். அசிட்டோனில் ஊறவைத்தாலும் இலகுவில் கழலாது. எங்காவது இடிபட்டால் செயற்கை நகம் உடைவதற்குப் பதிலாக இயற்கை நகமே பிய்ந்து வரும்.

கொழும்பில் இந்தக் கவலைக்குத் தனிக் காரணம் ஒன்றுண்டு. 2022இன் டொலர் நெருக்கடியில் ஒப்பனைப் பொருட்கள் உட்பட நூற்றுக்கணக்கான பொருட்களின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. இப்படிப்பட்ட காலங்களில் பயணப் பொதிக்குள்ளும் இணைய விற்பனையிலும் வரும் பெயரற்ற போத்தல்களே கைகொடுக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்பது விற்றவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. பொருட்களின் பட்டியல் அச்சிடப்படாத திரவத்தை எந்த விலைக்கும் வாங்காதிருப்பதே நெடியைக் குறைக்கும் முதல் வேலை.

அப்படியானால் 'மணமில்லாத' திரவத்தை வாங்கினால் போதுமா? விற்பனையாளர்கள் அப்படித்தான் சொல்வார்கள். இங்கே நிதானம் வேண்டும். மெதக்ரிலேட்டுகளை மனித மூக்கு மிகக் குறைந்த அளவிலேயே கண்டுகொள்கிறது. மெதில் மெதக்ரிலேட்டின் மணம் காற்றில் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கும்போதே தெரிந்துவிடும். எட்டு மணிநேர வேலைக்கு அமெரிக்கத் தொழிற்சுகாதார வல்லுநர் அமைப்பு பரிந்துரைக்கும் சராசரி எல்லை பத்து இலட்சத்தில் 50 பங்கு. ஆகவே நெடி அடிப்பதால் மட்டுமே விஷம் என்று பதறத் தேவையில்லை. நெடி இல்லாவிட்டால் ஆபத்தும் இல்லை என்று நம்பவும் கூடாது. மணமில்லாத திரவங்கள் பலவற்றில் மெதுவாக ஆவியாகும் வேறு மெதக்ரிலேட்டுகள் இருக்கும். ஹீமா என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஹைட்ரொக்சிஎதில் மெதக்ரிலேட் அவற்றில் முக்கியமானது. இது காற்றில் குறைவாகவே கலக்கும். தோலில் பட்டால் ஒவ்வாமையை உண்டாக்குவதில் முன்னணியில் நிற்கும். ஐரோப்பிய ஒன்றியம் ஹீமா கலந்த நகப் பொருட்களை 2021 முதல் தொழில்முறைப் பாவனைக்கு மட்டும் என்று கட்டுப்படுத்தியதற்கு இதுவே காரணம்.

ஒவ்வாமையைச் சாதாரண அரிப்பு என்று தள்ளிவிட முடியாது. ஒருமுறை உடல் மெதக்ரிலேட்டை எதிரியாகப் பதிந்துகொண்டால் அது பெரும்பாலும் ஆயுள் முழுவதும் மாறாது. விரல் நுனி வெடிக்கும், கண்ணிமை வீங்கும். அந்தப் பெண் கைத்தொழிலையே கைவிட நேரும். பிற்காலத்தில் பல் அடைக்கவோ மூட்டு மாற்றவோ போனால், அங்கே பயன்படும் பொருளும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால் வைத்தியரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டிவரும். பிரித்தானியத் தோல்நோய் வைத்தியர் சங்கம் 2018இல் செயற்கை நக வாடிக்கையாளர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் இதைப் பற்றிப் பகிரங்கமாக எச்சரித்தது. மூச்சோடு போகும் ஆவியும் தூசியும் சிலருக்கு ஆஸ்துமாவைத் தூண்டுவதும் தொழில் மருத்துவத்தில் நன்கு அறியப்பட்ட விடயம்.

ஆவிகள் ஒன்றாகச் சேர்ந்தால் நிலைமை இன்னும் சிக்கலாகும். பொது மண்டபத்தில் நக மேசையோடு நிறப்பூச்சு, அசிட்டோன், முடி நேராக்கும் கிறீம், வாசனைத் தெளிப்பான் எல்லாமே ஒரே காற்றில் கலக்கின்றன. கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்குள்ள ஆறு நகச் சலூன்களின் காற்றை அளந்து 2019இல் வெளியிட்ட ஆய்வில் போமல்டிஹைட், பென்சீன், டொலுயீன் போன்றவை கிடைத்தன. சில சேர்மங்களின் அளவு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையிலும் வாகனத் திருத்தகத்திலும் காணப்படும் அளவுகளோடு ஒப்பிடத்தக்கதாக இருந்தது. அந்த ஊர்ச் சலூன்களுக்கும் வெள்ளவத்தைச் சலூன்களுக்கும் காலநிலையில் வேறுபாடு உண்டு. கொழும்பின் வெப்பத்தில் திரவம் இன்னும் வேகமாக ஆவியாகும். அந்த வெப்பத்துக்காகவே கதவும் யன்னலும் பூட்டப்பட்டு ஏசி ஓடுகிறது.

கொழும்புச் சலூன்களின் உண்மையான சிக்கல் இந்த ஏசியில்தான் இருக்கிறது. சுவரில் மாட்டும் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறைக்குள் இருக்கும் காற்றையே உறிஞ்சிக் குளிராக்கித் திரும்ப ஊதுகிறது. அதன் வலை தூசியைத்தான் பிடிக்கும், ஆவி வலையைத் தாண்டிப் போய்விடும். 2022 ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் மின் கட்டணம் கடுமையாக உயர்ந்த பிறகு, குளிர் வெளியே போய்விடக் கூடாது என்பதில் கடைக்காரர்கள் இன்னும் கண்ணாயிருக்கிறார்கள். கதவிடுக்குகளுக்கும் இறப்பர் பட்டை ஒட்டுகிறார்கள். காசு மிச்சம்பிடிக்கும் அந்தப் பட்டை நெடியையும் உள்ளேயே அடைத்து வைக்கிறது.

தீர்வின் அடிப்படை எளிது. சமையலறையில் புகைபோக்கியை அடுப்புக்கு நேர்மேலே வைக்கிறோமே தவிர விறாந்தையில் வைப்பதில்லை. நெடியும் அறை முழுவதும் பரவிய பிறகு துரத்துவதற்குரியது இல்லை. பிறக்கும் இடத்திலேயே பிடித்துக் குழாய் வழியாக வெளியே அனுப்ப வேண்டும். அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார ஆய்வு நிறுவனம் காற்றைக் கீழ்நோக்கி இழுக்கும் நக மேசையை 1999ஆம் ஆண்டிலேயே பரிந்துரைத்தது. மேசையின் நடுவில் சல்லடை, அடியில் விசிறி, அங்கிருந்து வெளிச்சுவர் வரை ஒரு குழாய். அங்கு கட்டட விதிக்கோவைகள் பின்பற்றும் அளவு ஒவ்வொரு மேசைக்கும் நிமிடத்துக்கு 50 கன அடி காற்று, அதாவது மணிக்கு ஏறத்தாழ 85 கன மீற்றர். உறிஞ்சும் வாய் வேலை நடக்கும் இடத்திலிருந்து 30 சென்றிமீற்றருக்குள் இருக்க வேண்டும்.

இந்தக் கணக்கை வெள்ளவத்தையின் சாதாரணக் கடையொன்றுக்குப் பொருத்திப் பார்க்கலாம். ஆறு மீற்றர் நீளம், நான்கு மீற்றர் அகலம், மூன்று மீற்றர் உயரம் என்றால் அறையில் 72 கன மீற்றர் காற்று இருக்கும். ஒரே ஒரு மேசையின் உறிஞ்சியே மணிக்கு ஒருமுறைக்கு மேல் அந்த முழுக் காற்றையும் மாற்றிவிடும். அதற்குப் பெரிய இயந்திரம் தேவையில்லை. குளியலறைக்கும் சமையலறைக்கும் விற்கும் நல்ல எக்ஸோஸ்ட் விசிறி, நெளிகுழாய், சுவரில் ஒரு துவாரம், மழைநீர் உள்ளே வராத மூடி ஆகியவற்றை ஒரு மின்தொழிலாளியும் ஒரு மேசனும் ஒரு நாளில் பொருத்திவிடலாம். வெளியே போகும் காற்றுக்கு ஈடாக உள்ளே வரவும் வழி வேண்டும். மண்டபத்தின் எதிர்ப்புறம், வாசல் பக்கத்தில், ஒரு சிறு காற்றுத் துவாரம் விட்டால் புதிய காற்று வாசலிலிருந்து நக மேசை நோக்கி ஓடும். ஆகவே நக மேசையை வாசலருகிலோ ஏசிக்குக் கீழேயோ போடக்கூடாது. வெளிச்சுவரோரமாக, கடைசியில் போட வேண்டும். ஏசிக்குச் சற்றுச் சுமை கூடும் என்பது உண்மை. நக வேலை நடக்கும் நேரத்தில் மட்டும் விசிறியை ஓடவிட்டால் அந்தச் செலவு கட்டுக்குள் நிற்கும்.

குழாயின் மறுமுனை எங்கே போகிறது என்பதும் முக்கியம். தொடர்மாடிகளின் நடுவே வெளிச்சத்துக்காக விடப்பட்ட ஒடுங்கிய வெளியில் நெடியை ஊதினால் அது மேல்மாடிக் குழந்தையின் அறைக்குள் போகும். படிக்கட்டுக்குள் விடுவதும் அதே தவறு. வீதிப்பக்கமோ கூரைக்கு மேலேயோதான் வெளியேற்ற வேண்டும். கடலோர வெள்ளவத்தையில் தென்மேற்குப் பருவக்காற்று பலமாக வீசும் மாதங்களில் மேற்குச் சுவரில் குழாய்வாயை வைத்தால் காற்று திரும்ப உள்ளே தள்ளும். கொட்டாஞ்சேனையின் நெருக்கமான பழைய கட்டடங்களில் சுவரைத் தொடுவதற்கே வீட்டுக்காரரின் அனுமதி வேண்டும். வாடகை ஒப்பந்தம் எழுதும்போதே அதையும் சேர்த்து எழுதிக்கொள்வது நல்லது.

சுவரைத் துளைக்கவே முடியாத இடங்களில் கரி வடிகட்டி உதவும். இதில் இலங்கைக்குச் சொந்த உரிமையே உண்டு. புத்தளம், குருநாகல், கம்பஹாவை உள்ளடக்கிய தெங்கு முக்கோணத்தின் சிரட்டைக் கரியை உயர்ந்த வெப்பத்தில் நீராவியோடு சேர்த்துப் பதப்படுத்தினால், ஒரு கிராமுக்குள் ஆயிரம் சதுர மீற்றர் அளவு உள்மேற்பரப்பு கொண்ட நுண்துளைக் கரி கிடைக்கிறது. 1973இல் தொடங்கப்பட்ட ஹேகார்ப் நிறுவனம் போன்றவை அதை உலகெங்கும் ஏற்றுமதி செய்கின்றன. வெளிநாட்டு வடிகட்டிகளில் சேதன ஆவிகளைப் பிடித்து வைப்பது இந்த வகைக் கரிதான். நம்முடைய சிரட்டை கடல் கடந்து யாரோ ஒருவரின் மூச்சைக் காக்கும்போது, அதே தீவின் தலைநகரில் ஒரு பெண் ஊதுபத்திக்கும் நெடிக்கும் நடுவே வேலை செய்ய வேண்டியதில்லை. கரிக்கும் எல்லை உண்டு. அது நிறைந்துவிட்டால் மாற்ற வேண்டும். கொழும்பின் ஈரக்காற்றில் அதன் கொள்ளளவு குறையும். மெல்லிய தாள் போன்ற கரிவலை சில நாட்களிலேயே செயலிழக்கும், கனமான படுக்கையாக இருந்தால்தான் பயன். இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் மேசைத் தூசி உறிஞ்சிகளின் துணிப்பை அராவும் தூளைத்தான் பிடிக்கும். ஆவி துணியைத் துளைத்து வெளியே வந்துவிடும். ஓசோன் இயந்திரங்கள் நுரையீரலை எரிச்சலூட்டுபவை. ஆள் இருக்கும் அறையில் அவற்றுக்கு இடமே இல்லை.

செலவில்லாத வேலைகளும் உண்டு. கிண்ணத்தில் ஒரு கைக்கு வேண்டிய அளவு மட்டும் ஊற்றி, தூரிகை வெளியே இருக்கும்போது மூடிவைக்கலாம். துடைத்த கடதாசியை உடனே மூடியுள்ள உலோகக் கூடையில் போட்டு, அதை ஒரு நாளைக்குப் பல தடவை வெளியே கொட்டலாம். மணியை அதிக ஈரமாக எடுக்காமல் இருந்தால் ஆவியும் குறையும், தோலில் வழிவதும் குறையும். பழைய நகத்தைக் கழற்ற அசிட்டோன் கிண்ணத்தில் விரலை ஊறவிடுவதற்குப் பதிலாக, நனைத்த பஞ்சை வைத்து அலுமினியத் தாளால் சுற்றினால் நெடி பெருமளவு அடங்கும். கைக்கு நைட்ரைல் கையுறை நல்லது. சத்திரசிகிச்சை முகக்கவசம் ஆவியைத் தடுக்காது என்பதை எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். என்-95 கவசமும் தூசிக்குத்தான். காலையில் சுவாமிப் படத்துக்கு முன் விளக்கேற்றிச் சாம்பிராணி காட்டும் வழக்கம் நம் கடைகளில் உண்டு. அந்த விளக்கு நக மேசைக்கு எட்ட இருக்கட்டும், போத்தல்களைத் திறக்கும் முன் அணையட்டும். அசிட்டோனும் எதில் மெதக்ரிலேட்டும் இலகுவில் தீப்பிடிப்பவை.

இத்தனையையும் சொல்லிவிட்டுப் பொறுப்பை மேசையில் இருக்கும் பெண்ணின் தலையில் கட்டிவிட முடியாது. பொது மண்டபத்தில் ஒரு மேசையை மட்டும் வாடகைக்கு எடுத்தோ, வேலைக்கு ஏற்ற தரகுக்கோ உழைப்பவரால் சுவரைத் துளைக்க முடியாது, ஏசியை நிறுத்தவும் முடியாது. 'மணக்கிறது' என்று முடி வெட்டுபவர் சண்டை பிடித்தால் நகம் வைப்பவரே மன்னிப்புக் கேட்கிறார். மண்டபத்தின் காற்று மண்டபத்தை நடத்துபவரின் பொறுப்பு. வாடகை வாங்குபவர் அந்த வாடகைக்குள் காற்றையும் கொடுக்கக் கடமைப்பட்டவர்.

சட்டத்தில் இதற்கு இடமில்லாமல் இல்லை. 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் வேலையிடத்தின் காற்றோட்டம் பற்றிப் பேசுகிறது. தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரத்துக்கென்றே ஒரு தேசிய நிறுவகம் 2009ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைக்கப்பட்டது. அழகுக்கலைக்குத் தேசிய தொழில்சார் தகைமைச் சான்றிதழ் இருக்கிறது. பலவீனமான இடம் பொருளின் தரம். ஒப்பனைப் பொருட்களையும் மருந்துகளையும் சேர்த்துக் கவனித்த 1980ஆம் ஆண்டின் சட்டத்தை நீக்கி வந்த 2015ஆம் ஆண்டின் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபைச் சட்டத்தின் மையம் மருந்துகளும் மருத்துவ சாதனங்களுமே. நகத் திரவத்தின் போத்தலை யார் திறந்து பார்ப்பது என்ற கேள்விக்குத் தெளிவான பதில் வேண்டும்.

நியூயோர்க்கின் அனுபவம் இங்கே உதவும். 2015 மே மாதம் நியூயோர்க் டைம்ஸ் நாளிதழ் நகச் சலூன் தொழிலாளர்களின் சம்பளச் சுரண்டலையும் உடல்நலக் கேட்டையும் விரிவாக வெளியிட்டது. மாநில அரசு உடனே செயற்குழு அமைத்தது. 2016இல் காற்றோட்ட விதி வந்தது. புதிய கடைகளுக்கு அது உடனே பொருந்தியது. பழைய கடைகளுக்கு ஐந்தாண்டு அவகாசம் கொடுத்து, பின்னர் அதையும் நீட்டினார்கள். சிறு கடைகளுக்குச் செலவு பாரம் என்பதே அதற்குக் காரணம். சான் பிரான்சிஸ்கோ 2010இல் வேறு வழியைத் தேர்ந்தது. பாதுகாப்பான பொருளையும் நல்ல காற்றோட்டத்தையும் கடைப்பிடிக்கும் சலூன்களுக்கு நகரமே அங்கீகாரம் கொடுத்து ஊக்குவித்தது. அமெரிக்காவின் நகத் தொழிலைப் பெரும்பாலும் தாங்குவோர் வியட்நாமியப் பெண்கள். 1975இல் அகதிகளாக வந்த இருபது பெண்களுக்கு நடிகை டிப்பி ஹெட்ரன் சாக்ரமெண்டோ அருகே இந்தக் கைத்தொழிலைக் கற்பிக்க ஏற்பாடு செய்ததிலிருந்து வளர்ந்த வாழ்வாதாரம் அது. கொழும்பிலும் போரையும் நெருக்கடியையும் தாண்டிவந்த எத்தனையோ பெண்களுக்கு அழகுக்கலையே சொந்தக் காலில் நிற்கக் கிடைத்த வழி. அந்த வழியை மூடாமல் அதற்குள் காற்றை விடுவதே விதியின் நோக்கமாக இருக்க வேண்டும்.

கொழும்பு மாநகர சபை இரண்டு வழிகளையும் சேர்த்தே எடுக்கலாம். சலூன்களுக்கான அனுமதியைப் புதுப்பிக்கும்போது, செயற்கை நகம் வைக்கும் ஒவ்வொரு மேசைக்கும் வெளியே செல்லும் உறிஞ்சுக் குழாய் வேண்டும் என்ற நிபந்தனையைச் சேர்க்கட்டும். புதிதாகத் திறக்கும் கடைகளுக்கு அது உடனே அமுலாகட்டும், ஏற்கெனவே இயங்குபவற்றுக்கு இரண்டாண்டு அவகாசம் கிடைக்கட்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வரும்போது மூடியுள்ள கூடையும் பெயர்ச்சீட்டுள்ள போத்தலும் குழாயின் மறுமுனையும் அவருடைய படிவத்தில் மூன்று வரிகளாக இருக்கட்டும். தகைமைச் சான்றிதழ்ப் பாடத்தில் காற்றோட்டமும் ஒவ்வாமையும் செய்முறையோடு தமிழிலும் சிங்களத்திலும் கற்பிக்கப்படட்டும். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை பெயர்ச்சீட்டில்லாத நகத் திரவத்தைச் சந்தையில் தேடிப் பரிசோதிக்கட்டும். மாநகர சபை விதி எழுதும்வரை வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைக் கடைக்காரர்கள் காத்திருக்க வேண்டியதும் இல்லை. அடுத்த கல்யாணப் பருவம் தொடங்கும் முன் ஒரு விசிறியையும் ஒரு குழாயையும் பொருத்திவிட்டு, அந்த மேசையில் நாள் முழுவதும் இருப்பவரிடம் தலைவலி குறைந்திருக்கிறதா என்று கேட்கலாம்.